புஷ்பம் நிறுத்தச் சொன்ன பாட்டு

அந்தப் பாட்டுத் தொடங்கியபோது பேருந்து மாங்குளத்தில் திரும்பி ஏ-9 வீதியில் ஏறியிருந்தது.

மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்குப் போகிற காலைப் பேருந்து. பள்ளிக்கூட விடுமுறை நாள். கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நான் யன்னலோரம் இருந்தேன். வெயில் முழங்கால்வரை வந்துவிட்டது. நித்திரை போதாத கண்கள் எரிந்தன.

சாரதி போட்டது முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு சினிமாப் பாட்டு. முதல் வயலின்கள் எழும்பியதுமே பேருந்துக்குள் ஒரு மாற்றம் தெரிந்தது. எனக்கு முன்னால் மரக்கறி மூட்டையைக் காலுக்குள் இடுக்கியபடி இருந்த ஒருவர் கண்ணை மூடினார். பின்னாலே யாரோ மெல்லக் கூடவே பாடினார்கள். எனக்கும் அப்படித்தான். சீனியும் பிரஷரும் குதிக்கால் உளைவுமாகப் போய்க்கொண்டிருந்த உடம்பு, ஒரு நிமிடம் இருபது வயதைத் தொட்டுவிட்டு வந்தது.

அப்போதுதான் முன் இருக்கையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“தம்பி, அந்தப் பாட்டக் கொஞ்சம் நிப்பாட்டுங்க.”

சாரதி கண்ணாடியில் பார்த்தார். “ஏன் அம்மா, சத்தம் கூடவோ?”

“சத்தம் இல்ல தம்பி. அது வேணாம். வேற என்னத்தையாவது போடுங்க.”

மரக்கறி மூட்டைக்காரர் கண்ணைத் திறந்தார். “எத்தினை நாளைக்குப் பிறகு ஒரு நல்ல பாட்டுப் போகுது. அதையும் நிப்பாட்டச் சொன்னால் என்ன செய்யிறது?”

அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. வலது தோளை இடது கையால் பிடித்து அமத்திக்கொண்டு இருந்தாள். சாரதிக்கு என்ன தோன்றியதோ, பாட்டை மாற்றினார். புதுப்பாட்டு ஒன்று தடதடவென்று ஓடியது. பேருந்து முழுக்க ஒரு சலிப்புச் சத்தம் எழும்பி அடங்கியது.

எனக்கு அந்தக் குரல் தெரியும். பின்கழுத்தில் நரைத்த முடியும் தடித்த தோளும் எனக்குப் பழக்கமில்லாதவை. குரல் மட்டும் அப்படியே இருந்தது. அது புஷ்பம்.

ஒரு வாசகி கேட்டது

சில வாரங்களுக்கு முன்னர் இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி எழுதியிருந்தார். “எப்போதும் இடப்பெயர்வும் வயலும் என்றே எழுதுகிறீர்கள். உங்கள் இளமைக் காலத்துப் பாட்டுகளையும் படங்களையும் பற்றி ஒருமுறை எழுதுங்கள். படிக்கிற எங்களுக்கும் மனம் லேசாகும்” என்று.

எழுதத்தான் இருந்தேன். தலைப்புக்கூட யோசித்து வைத்திருந்தேன். அந்தப் பேருந்துப் பயணத்துக்குப் பிறகு, யோசித்து வைத்ததை எழுத முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேன். மனம் லேசாகுமா என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஆகவில்லை.

ஞாயிறு பின்னேரங்கள்

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே காணி எடுத்துக் குடியேறியது. அப்பாவுக்கு வயல். புஷ்பத்தின் குடும்பம் மலைநாட்டிலிருந்து வந்தது. தேயிலைத் தோட்டத்தில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டு, கையில் கிடைத்ததோடு வன்னிக்கு வந்தவர்கள். எங்கள் வயலில் வேலை செய்தார்கள். எங்கள் காணியின் கடைசி மூலையில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

புஷ்பம் என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆனால் என்னை “அக்கா” என்றுதான் கூப்பிடுவாள். நான் அவளை “நீ” என்பேன், அவள் என்னை “நீங்க” என்பாள். இது ஒரு விசயம் என்று அந்த நாளில் எனக்குத் தோன்றியதே இல்லை.

மின்சாரம் இல்லாத காலம். பற்றரி கண்ணால் காணக் கிடைக்காது. அப்பாவின் ரேடியோவை நாங்கள் சைக்கிள் டைனமோவில்தான் பாட வைத்தோம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவைப் பின் சில்லில் முட்ட வைத்து, அதிலிருந்து ரேடியோவுக்கு இரண்டு வயர். யாராவது பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். வேகம் குறைந்தால் பாட்டு முனகும். கூடினால் கரகரக்கும். ஒரே சீராகச் சுற்ற ஒரு பழக்கம் வேண்டும்.

அந்தப் பழக்கம் புஷ்பத்துக்கு இருந்தது. அவளுடைய கைக்குப் பலம் கூட என்று அம்மா சொல்லுவா. எல்லாரும் அப்படித்தான் சொன்னோம்.

ஞாயிறு பின்னேரங்களில் இந்திய வானொலியில் ஒலிச்சித்திரம் போகும். ஒரு முழுப் படத்தின் கதை, வசனம், பாட்டு எல்லாம் ஒலியாக மட்டும் வரும். வேப்பமரத்துக்குக் கீழே கதிரைகள் போட்டு நாங்கள் இருப்போம். அம்மா அரிசியில் கல் பொறுக்குவா. நான் பாட்டுக் கொப்பியும் பேனையுமாக வரிகளை எழுதுவேன். காற்று அடித்தால் அலை போய்விடும். நடுவில் ஒரு சொல் விட்டுப்போகும். “என்ன சொன்னவன், புஷ்பம்?” என்று கேட்பேன். சுற்றிக்கொண்டே சொல்லித் தருவாள். ஒருநாளும் பிழைத்ததில்லை.

அந்தப் படங்களில் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் கதாநாயகனுக்கு ஒரு முகம் வைத்திருந்தேன். வில்லனுக்கு எங்கள் கிராமத்து விதானையாரின் முகத்தை வைத்திருந்தேன். பாவம், அவர் ஒரு பிழையும் செய்யாதவர். மூக்கு மட்டும் அப்படி.

இன்று போனில் எந்தப் படத்தையும் எந்த நேரமும் பார்க்கலாம். இரண்டு முறை முயன்றேன். என் படத்தில் நடித்தவர்கள் அதில் இல்லை. அணைத்துவிட்டேன்.

மல்லாவிக் கொட்டில்

கண்ணால் படம் பார்க்கவேண்டுமென்றால் மல்லாவிக்குப் போகவேண்டும். யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்து மல்லாவி ஒரு பெரிய பட்டினம்போல் ஆகியிருந்த காலம் அது. சந்தைக்குப் பின்னால் ஒருவர் கிடுகுக் கொட்டில் போட்டு, சுற்றிவரக் கறுப்புத் தறப்பாள் கட்டி, ஒரு ரீவியும் வீடியோ டெக்கும் வைத்துப் பகலில் படம் காட்டினார். ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் ஓடும். உள்ளே போனால் புகையும் வேர்வையும் சேர்ந்த ஒரு மணம். இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய் மணம் வந்தால் எனக்குச் சினிமா ஞாபகம்தான் வரும்.

கொட்டில்காரருக்கு ஒரு வழக்கம். ஆட்டம் கொஞ்சம் கூடிப்போன பாட்டு வந்தால் எழும்பிப் போய் ஒரு துவாயால் ரீவியை மூடிவிடுவார். பாட்டு முடியும்வரை எல்லாரும் ஒரு நீலத் துவாயைப் பார்த்துக்கொண்டு இருப்போம். யாரும் சிரிப்பதில்லை. ரேடியோ கேட்ட பழக்கம் எங்களுக்கு அங்கே உதவியது.

அந்தக் கொட்டிலுக்குப் புஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு போவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

“இந்தப் போகம் வெட்டி முடியிறமட்டும் நீ ஒரு ஞாயிறும் விடாமல் சுத்து. உன்னை மல்லாவிக்குப் படம் பாக்கக் கூட்டிக்கொண்டு போறன்.”

“சும்மா சொல்லாதீங்கக்கா.”

“சத்தியமா.”

அவள் ஒரு ஞாயிறும் விடவில்லை. அறுவடை முடிந்தது. ஒரு நாள் குறித்தேன். என் சைக்கிள் கரியரில் அவள் வருவதாக ஏற்பாடு.

அந்த நாளுக்கு முதல்நாள், யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த சித்தப்பா குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. சித்தப்பாவின் மகள் என் வயது. பட்டினத்தில் படித்தவள். படத்துக்குப் போகிறோம் என்றதும் தானும் வருகிறேன் என்றாள். அவளிடமும் ஒரு சைக்கிள் இருந்தது.

படலையைத் தாண்டி வீதியில் ஏறினோம். மதகடியில் புஷ்பம் நின்றாள். தலை முழுகி, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, தீபாவளிக்கு எடுத்த பச்சைப் பாவாடை சட்டை போட்டிருந்தாள். காலில் என் பழைய செருப்பு. எங்களைக் கண்டதும் ஒரு அடி முன்னுக்கு வந்தாள்.

சித்தப்பாவின் மகள் பிரேக் பிடித்தாள். புஷ்பத்தை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள். “இவளும் வாறாளோ?”

அந்தக் கேள்வியில் இருந்த தொனி எனக்கு விளங்கியது. எங்கள் வயலில் வேலை செய்கிறவளின் மகளோடு நான் ஒரே வாங்கில் இருந்து படம் பார்ப்பேனா என்பதுதான் கேள்வி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புஷ்பத்தை நினைத்து அல்ல, என்னை நினைத்து.

“இல்லை, அவள் சும்மா நிக்கிறாள்,” என்றேன்.

சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

படம் என்ன கதை என்று இப்போது ஞாபகமில்லை. அடுத்த நாள் புஷ்பம் எங்கள் வீட்டில் நெல்லுக் குத்திக்கொண்டிருந்தபோது, நான் பக்கத்தில் குந்தியிருந்து முழுக் கதையையும் அவளுக்குச் சொன்னேன். அவள் உம் கொட்டிக் கேட்டாள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அந்த ஞாயிறும் அவள் வந்து பெடலைச் சுற்றினாள்.

சில மாதங்களில் புஷ்பத்துக்குக் கல்யாணமாகி அவள் கிளிநொச்சிப் பக்கம் போனாள். நான் படித்து ஆசிரியையானேன். பிறகு எங்கள் எல்லாரையும் காலம் எங்கெங்கோ அடித்துக்கொண்டு போனது. அதைப் பற்றி இந்தத் தொடரில் போதுமானவரை எழுதிவிட்டேன். இன்னொரு தடவை எழுதத் தெம்பில்லை.

இரணைமடுச் சந்தி

இரணைமடுச் சந்தியில் புஷ்பம் இறங்கினாள். நான் கிளிநொச்சிவரை ரிக்கற் எடுத்திருந்தேன். கிளினிக்கில் நம்பர் எடுக்கப் பிந்தினால் மத்தியானம்வரை நிற்கவேண்டும். அதெல்லாம் தெரிந்தும் எழும்பி அவளுக்குப் பின்னால் இறங்கினேன். அன்றைக்குக் கிளினிக்குக்குப் போகவே இல்லை.

“புஷ்பம்!”

திரும்பினாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

“வசந்தியக்கா! நீங்களா? பஸ்ல இருந்தீங்களா?”

“ஓம். பின்னுக்கு இருந்தனான். எப்பிடி இருக்கிறீங்கள்?”

“என்னாது, ‘இருக்கிறீங்கள்’? எப்ப இருந்து எனக்கு மரியாத?” என்று சத்தமாகச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

வீடு பக்கம்தான், வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். கால் மணி நேரம் நடந்தோம். வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். புருசன் கடைசிச் சண்டையில் போனார். “உடையார்கட்டுல, ஒரு பங்கருக்குப் பக்கத்துல, மண்ணப் போட்டு மூடிட்டு வந்தோம்” என்றாள். மகள் கலா மட்டும்தான். தையல் தொழிற்சாலையில் வேலை. இன்றைக்கு அவளுக்கு லீவு. புஷ்பம் மாங்குளத்தில் ஒரு சொந்தக்காரர் செத்த முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்குப் போய்விட்டு வருகிறாள். தோளில் நோவு, எண்ணெய் போட்டும் போகவில்லை.

இதையெல்லாம் அவள் சொன்ன விதத்தில் அழுகை இல்லை. எங்கள் பக்கத்தில் இந்தக் கதைகளை யாரும் அழுது சொல்வதில்லை இப்போது. எத்தனையோ விண்ணப்பப் படிவத்தில் எழுதி, எத்தனையோ பேருக்குச் சொல்லிக் களைத்துப்போன கதைகள்.

வீடு கல்வீடு. அரைச்சுவர் பூசாமல் கிடந்தது. முன் விறாந்தையில் மகள் கலா தையல் மெசினில் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் தள்ளி வைத்தாள்.

“இவங்கதான் வசந்தியக்கா. சொல்லியிருக்கேன்ல?” என்றாள் புஷ்பம்.

கலா என்னைப் பார்த்தாள். “ஓம், சொல்லியிருக்கிறா,” என்றாள். புஷ்பம் எதைச் சொல்லியிருப்பாள் என்று நான் யோசித்தேன்.

அவள் கேட்ட பாட்டு

தேத்தண்ணி வந்தது. வெறும் தேத்தண்ணி, இஞ்சி போட்டது. எனக்குச் சீனி போடவேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். குடித்தேன்.

கடைசியில் கேட்டேன். “பஸ்ஸிலை ஏன் புஷ்பம் அந்தப் பாட்டை நிப்பாட்டச் சொன்னனீ? உனக்கு அது உயிரல்லோ. வேப்பமரத்தடியிலை எத்தினை தரம் கேட்டிருப்பம்.”

“நீங்க கேட்டீங்கக்கா,” என்றாள் புஷ்பம். “நான் சுத்தினேன்.”

நான் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தேன்.

“விடிய எழும்பி உங்க வயல்ல குனிஞ்சா பொழுது சாயக்குள்ளதான் நிமிருவோம். ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான் கைக்கு ஓய்வு. அன்னைக்கும் மூணு மணித்தியாலம் சுத்தணும். கை மாத்த ஏலாது. மாத்தினா பாட்டு நின்னுரும், உங்கம்மா பார்ப்பாங்க. இப்பவும் அந்தப் பாட்டு எங்கயாவது போனா, மொதல்ல எனக்கு இந்தத் தோள்பட்ட எரிய ஆரம்பிச்சிரும். பாட்டு நல்ல பாட்டுதான். நான் இல்லேங்கல.”

“எனக்கு அது எங்கட நல்ல காலம் எண்டுதான் நினைப்பு.”

“உங்களுக்கு நல்ல காலம்தான்.” அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு விளக்கம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். “எனக்குக் கல்யாணம் முடிச்ச பிறகு கொஞ்ச நாள் நல்ல காலம். அவருக்குப் பாட்டுப் பிடிக்காது. அதனால பாட்டக் கேட்டு அவர நெனைக்கவும் ஏலாது.” சிரித்தாள்.

இனியும் விட்டால் ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

“புஷ்பம், அண்டைக்கு மதகடியிலை…”

“சும்மா நிக்கிறாள்னு சொன்னீங்க.”

தையல் மெசின் நின்றது. கலா எங்களைப் பார்க்காமல் நூலைக் கோர்த்தாள்.

“சொன்னனான். அது பிழை. அண்டைக்கே வந்து சொல்லியிருக்க வேணும். சொல்லாமல் வந்து படக்கதை சொன்னனான்.”

“ஓம். ஒலக்கைய நிப்பாட்டாமக் கேட்டேன்.” புஷ்பம் தோளை அமத்திக்கொண்டாள். “கோவம் எப்பவோ போயிருச்சுக்கா. அதுக்குப் பொறகு வாழ்க்கையில எவ்வளவோ வந்திருச்சு. அத வச்சுக்கிட்டு இருக்க எடமில்ல. ஆனா ஒண்ணு. அந்தக் காலத்துல நான் ஒரு நாள்கூடச் சும்மா நின்னது கெடையாது. அது மட்டும்தான் மனசுல இருந்துச்சு. அப்பிடிச் சொல்லாம, ‘அவ வரல்ல’ன்னு சொல்லியிருந்தாக்கூட மறந்திருப்பேன்.”

வகுப்பில் பிள்ளைகளுக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். எப்படிக் கேட்கவேண்டும், எங்கே பார்க்கவேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். “மன்னிச்சுக்கொள்,” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அது ஓம் என்பதா, விடுங்கள் என்பதா என்று எனக்கு இப்போதும் தெரியாது.

முப்பது வருடமாக நான் பாதுகாத்து வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவை. ஷெல்லுக்குள்ளும் முகாமுக்குள்ளும் கண்ணை மூடினால் அந்த வேப்பமரத்தடிக்குப் போய்விடுவேன். அவற்றை இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பாட்டு எனக்கு இப்போதும் பிடிக்கும். பிடிக்காது என்று எழுதினால் அது பொய். ஆனால் கேட்கும்போது சில்லுச் சுற்றுகிற சத்தமும் கூடவே கேட்கிறது. அந்த நாளிலும் அது கேட்டிருக்கும். நான்தான் கவனிக்கவில்லை.

பிறகு புஷ்பம் மகளைப் பார்த்தாள்.

“கலா, அந்தப் புதுப்பாட்டப் போடு புள்ள. டமார் டமார்னு ஒண்ணு வருமே, அது.”

கலா சிரித்துக்கொண்டு போனைச் சின்ன ஸ்பீக்கரோடு இணைத்தாள். விறாந்தை அதிர்ந்தது. மேளமா இயந்திரமா என்று தெரியாத ஒரு சத்தம். அதற்குள் ஒரு பையன் மூச்சு விடாமல் எதையோ சொல்லிக்கொண்டே போனான். வழக்கமாக இப்படி ஒன்று கேட்டால் யன்னலைச் சாத்துகிறவள் நான். அன்றைக்கு முழுவதும் கேட்டேன்.

“எப்பிடி?” என்றாள் புஷ்பம்.

“ஒரு சொல்லும் விளங்கேல்லை.”

“எனக்கும்தான்,” என்றாள் அவள், மிகுந்த திருப்தியோடு. “அதுதான் நல்லாயிருக்கு. ஒண்ணையும் ஞாபகப்படுத்தாது. கலா, இன்னொருக்காப் போடு.”

பாட்டு மறுபடி தொடங்கியது. நான் எழும்பி மூன்று கோப்பைகளையும் எடுத்தேன். வையுங்கக்கா, நான் கழுவுறேன் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கிணற்றடி பின்னால் இருக்கிறது என்று கையால் மட்டும் காட்டினாள்.

துலாக் கிணறு. வாளி பாரமாக இருந்தது. இரண்டு தரம் அள்ளவேண்டியிருந்தது. கோப்பைகளைக் கழுவிக் கல்லில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையோடு வீட்டின் பக்கச் சுவரடியால் வந்தேன்.

புஷ்பம் கதிரையில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடியும்வரை நான் உள்ளே போகவில்லை.